என் மனைவியின் பண்ணையில் ஒரு துணைப் பதவி

என் மனைவி காலையில் எழுந்ததும், காப்பி போடுவதற்கு முன்பே, வயலுக்குப் போய்விடுகிறாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே போகிறாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டைத் திறந்தால், கோதுமை விளைந்து நிற்கிறது. ஒரு விரலால் அறுக்கிறாள். அதே விரலால் விதைக்கிறாள். மாடுகளுக்குத் தீவனம், கோழிகளிடமிருந்து முட்டை, அடுப்பில் ரொட்டி என்று எல்லாம் முடிந்த பிறகுதான், "பால்காரர் வந்துட்டாரா பாருங்க" என்று எனக்கு ஒரு வேலை வருகிறது. அந்தப் பால்தான் எங்கள் காப்பிக்கு. அவளுடைய மாடுகள் கொடுத்த பால் அதற்குள் வெண்ணெயாகிக் கப்பலேறியிருக்கும்.

நான் பொறாமைக்காரன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அலுவலகத்தில் என்னைவிட இளையவர்கள் மேலே போனபோதுகூட, விதிப்படி போனார்களா என்று மட்டும்தான் பார்த்தேன். ஆனால் இந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்த பிறகு என்னைப் பற்றி எனக்கே சில புதிய தகவல்கள் கிடைத்திருக்கின்றன.

முதல் பொறாமை அந்த நிலத்தின் மேல். வருவாய்த் துறையில் என் வாழ்நாளைக் கழித்துவிட்டு, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாறுதல், உட்பிரிவு, எல்லைத் தகராறு, நீர்ப்பிடிப்பில் ஆக்கிரமிப்பு, எந்த மனு எந்த மேஜையில் ஏன் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். அந்த விளையாட்டில் புதிதாக ஒரு துண்டு நிலம் சேர்க்க மூன்று பொருள்தான் வேண்டும்: ஒரு பத்திரம், ஒரு சுத்தியல், ஓர் எல்லைக்கல். மூன்றும் சேர்ந்தால், நிலத்தைத் தொட்டால் போதும், நிலம் உங்களுடையது. வில்லங்கச் சான்று கிடையாது. வாரிசுகள் கிடையாது. துபாயிலிருந்து திரும்பி வந்து எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லும் சித்தப்பா கிடையாது. சர்வேயருக்காக வெயிலில் குடை பிடித்து நிற்க வேண்டியதில்லை. ஒரு தாலுகாவை இப்படி நடத்த முடிந்திருந்தால் எனக்கு ரத்த அழுத்தமே வந்திருக்காது.

மாதனூர்ப் பக்கம் எங்களுக்கு நிஜமாகவே கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு அங்கே விவசாயம் செய்யப் போனேன். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தென்னை ஓலையின் நுனியெல்லாம் கருகிக்கொண்டே வந்தது. களை எடுக்க ஆள் கூப்பிடலாம் என்று காலையில் ஊருக்குள் போனால், ஆட்களெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷூ தைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன். அத்துடன் என் விவசாயம் முடிந்தது. மனைவியின் பண்ணையில் தண்ணீருக்குக் கவலையில்லை. ஆம்பூரில் வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு அவள் ஆப்பிள் பறிக்கிறாள்.

இரண்டாவது பொறாமை கொஞ்சம் பக்கத்தில், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் புறம் குடியிருக்கிறது. பக்கத்து வீட்டு பாய் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒரு வயது இளையவர். தலையில் முடியும் அதற்குத் தகுந்தாற்போல் அதிகம். அவரும் அதே விளையாட்டை ஆடுகிறார். என் மனைவிக்கு அவர் அண்ணா, அவருக்கு அவள் தங்கச்சி. பத்து வருடமாக அக்கம்பக்கத்தில் இருந்தும் ரம்ஜானுக்கு பிரியாணியும் பொங்கலுக்குக் கரும்பும் மாற்றிக்கொள்வதைத் தாண்டாத பழக்கம், இந்த விளையாட்டால் தினசரி மாநாடாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் துவைத்த துண்டை எடுக்கப் போனபோது கேட்டேன்.

"தங்கச்சி, கப்பல் கெளம்பப் போவுது. எனக்கு ரெண்டு பொட்டி சீஸ் கம்மியா இருக்குது."

"நேத்தே சொல்ல மாட்டீங்களா அண்ணா? இருங்க, கடையில வெக்கிறேன். வேற யாராச்சும் எடுத்துக்கப் போறாங்க, ஒடனே வாங்கிடுங்க."

"விரலை மேலயே வெச்சினு நிக்கிறேன்மா, நீங்க வைங்க."

இரண்டு பேரும் சுவரின் இரு பக்கமும் குனிந்து நின்று எதையோ தொட்டார்கள். பிறகு பெரிய காரியம் ஒன்றை முடித்தவர்கள்போல நிமிர்ந்து சிரித்தார்கள். நான் துண்டுடன் நின்றிருந்தேன்.

"யாருக்குக் கப்பல்?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்குப் புரியாதுங்க, விடுங்க" என்றாள்.

என்னிடம் அப்படி ஒரு வாக்கியத்தை எந்த மாவட்ட ஆட்சியரும் சொன்னதில்லை. அன்றே மகளுக்கு போன் செய்து, அந்த விளையாட்டை என் போனில் ஏற்றச் சொன்னேன். மகள் தூரத்திலிருந்தே வழி சொல்லி ஏற்றிவிட்டு, "அப்பா, அம்மாவோட குரூப்ல சேந்துக்குங்க, ஜாலியா இருக்கும்" என்றாள்.

குரூப் என்பது ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் பண்ணைக்காரர்களின் கூட்டம். அதன் தலைவி என் மனைவி. பாய், மகளின் தோழிகள் சிலர், அரக்கோணத்தில் இருக்கும் என் மனைவியின் அக்கா ஆகியோர் உறுப்பினர்கள். சேர்வதற்கு விண்ணப்பம் போட வேண்டும்; தலைவி ஒப்புதல் தர வேண்டும். போட்டேன். விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. சமையலறைக்குப் போய் நேரில் நினைவூட்டினேன்.

"சோறு கொதிக்குது, அப்பறம் பாக்கறேன்" என்றாள்.

என் அலுவலகத்துக்கு வந்து காத்திருந்தவர்களிடம் நான் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. 'நாளைக்கு வாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சேர்ந்தபின் என் பண்ணையை முறைப்படி அமைத்தேன். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பாதை. வயலுக்கும் வயலுக்கும் நடுவில் வரப்பு. வண்டி திரும்புவதற்கு இடம். குளத்தைச் சுற்றி எவரும் நெருங்காதபடி வெற்று நிலம். வாய்க்காலே இல்லாத ஒரு விளையாட்டில் வாய்க்கால் புறம்போக்கு விட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் மேஜைக்கு வந்த வழக்குகளில் பாதி, யாரோ ஒரு பாட்டன் பாதை விடாமல் போனதால் வந்தவை. அந்தத் தவறை நான் செய்யப்போவதில்லை.

பாயின் பண்ணைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தோலின் மேல் ஷூவுக்கான துண்டுகளை இடைவெளி விடாமல் அடுக்கி வெட்டுவார்களே, அப்படி வயல்களை அடுக்கி வைத்திருந்தார். மூச்சு விட இடமில்லை. அவருடைய நாய் மக்காச்சோளத்தின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு அடக்கம் என்பதும் கிடையாது. தன் பண்ணையைப் படமெடுத்துத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். என்னுடையதையும் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னா சார், வயல் கம்மியா இருக்குது, ரோடு ஜாஸ்தியா இருக்குது. பண்ணை நடத்துறீங்களா, முனிசிபாலிடி நடத்துறீங்களா?"

"பாதை இல்லாம நாளைக்கு உங்க வயலுக்கு எப்படி பாய் போவீங்க?"

"விரலால போவேன் சார்."

என் மனைவி கொடியில் துணி போடுவதுபோல் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

இருந்தாலும், அந்த விளையாட்டில் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்கிறது. போட்டது முளைக்கிறது, முளைத்தது விளைகிறது, இதற்கு மேல் ஒரு விவசாயி என்ன கேட்பான்? மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்ததும், கேரட் விளைந்திருக்கும் என்ற நினைப்பே ஒரு தெம்பு. ஆனால் எரிச்சலுக்கும் குறைவில்லை. களஞ்சியம் எப்போதும் நிரம்பிக் கிடக்கிறது. அதைப் பெரிதாக்க ஆணி வேண்டும், பலகை வேண்டும். அவை எப்போது கிடைக்கும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. ஆணி வேண்டும்போது பலகையாக வரும். பலகை வேண்டும்போது எல்லைக்கல்லாக வரும். எனக்குக் கல்லாகவே வந்துகொண்டிருந்தது. என் பூர்வாசிரமம் அதற்கும் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பாய்க்கு அந்தக் கல்தான் வேண்டியிருந்தது. பத்திரமும் சுத்தியலும் வைத்துக்கொண்டு கல்லுக்காகக் காத்திருந்தார்.

"சார், உங்ககிட்ட கல்லு நெறைய கீதாமே, தங்கச்சி சொல்லிச்சு. ரெண்டு குடுங்களேன்."

"பாக்கலாம் பாய். பரிசீலனைல இருக்கு."

மறுநாள் கேட்டார். எதற்காக நிலம் விரிவாக்கம் செய்கிறீர்கள், இருக்கிற நிலத்தை முழுமையாகப் பயன்படுத்திவிட்டீர்களா என்று விளக்கம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் அரக்கோணத்து அக்காவிடம் வாங்கிவிட்டார். என் களஞ்சியத்தில் கற்கள் குவிந்து, முட்டை வைக்க இடமில்லாமல் கோழிகள் கூண்டில் கத்திக்கொண்டிருந்தன.

இந்தச் சமயத்தில்தான் துணைத் தலைவர் பதவி பற்றித் தெரியவந்தது. தலைவி விரும்பினால் உறுப்பினர் ஒருவரைத் துணைத் தலைவராக்கலாம். அவர் புதியவர்களைச் சேர்க்கலாம், போட்டிகளுக்கு ஆள் ஒதுக்கலாம், தலைவி இல்லாதபோது குரூப்பை நடத்தலாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் வரும்.

எனக்கு அது வேண்டும். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். துணை என்ற சொல் எனக்குப் பழக்கப்பட்டது. அந்த வேலை எனக்குத் தெரியும். ஆனால் காரணம் அது மட்டுமல்ல. துணைத் தலைவராகிவிட்டால் அவள் எதைச் செய்வதற்கு முன்னும் என்னிடம் பேசியாக வேண்டும். சாயங்காலம் ஆனதும் சுவரோரம் போகிறவள் என் நாற்காலிப் பக்கம் வருவாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பேச்சுதான் குறைந்துபோயிருந்தது. மாத்திரை போட்டீர்களா, மோட்டார் நிறுத்தினீர்களா என்பதைத் தாண்டி அவள் என்னிடம் உற்சாகமாகச் சொன்ன கடைசி விஷயம் எது என்று யோசித்தால், எனக்கு நினைவுக்கு வரவில்லை. சீஸ் பற்றிப் பாயிடம் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

எனவே தகுதியை வளர்த்துக்கொண்டேன். காலையிலும் சாயங்காலமும் அவள் பண்ணைக்குப் போனேன். ஒருவர் பண்ணைக்கு இன்னொருவர் போகலாம், தடையில்லை. போய் முழுவதையும் சுற்றிப் பார்த்தேன். எது விளைந்திருக்கிறது, எந்தக் கூண்டு காலி, என்ன புதிதாகக் கட்டியிருக்கிறாள் என்று கவனித்தேன். எதையும் தொடவில்லை. இன்னொருவர் அனுபவத்தில் இருக்கும் நிலத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் கை வைக்கக்கூடாது என்பது என் ரத்தத்தில் ஊறிய பாடம். மரம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் மரம் வேறொருவர் அனுபவத்திலும் இருக்கலாம். மரத்துக்கென்றே தனியாகப் பட்டா கொடுத்த துறை எங்களுடையது. அவள் பண்ணையின் கிழக்கு மூலையில் ஓர் ஆப்பிள் மரம் பட்டுப்போய் நின்றது. அதன்மேல் மஞ்சளாக ஒரு சின்னப் பலகை. வெட்டுவதற்காக அவள் அடையாளம் வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் போகும்போது, இன்னும் வெட்டவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் போனைத் திறந்ததும் குரூப்பில் அறிவிப்பு. பாய் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம். கீழே அரக்கோணத்து அக்கா கை தட்டியிருந்தார்கள். மகளின் தோழிகள் பூங்கொத்து போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் யாரிடமோ போனில், "ஆமா, பிரமோசன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தபோது கேட்டேன்.

"எந்த அடிப்படைல?"

"இன்னா எந்த அடிப்படைல?"

"நியமனம்னா ஒரு அடிப்படை வேணும் இல்ல. பணிமூப்பா, தகுதியா? வேற உறுப்பினர் யாராச்சும் பரிசீலிக்கப்பட்டாங்களா?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க என் பண்ணைக்கு வர்றீங்க இல்ல?"

"தெனமும் வர்றேன்."

"வந்து?"

"பாக்கறேன்."

"பாத்து?"

"பாத்துட்டுப் போறேன்."

"அதான்" என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கிழக்கு மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இது இன்னா?"

"ஆப்பிள் மரம். பட்டுப்போச்சு."

"மேல இருக்குதே, அது?"

"பலகை. ரொம்ப நாளா இருக்கு. நான் கவனிச்சேன்."

"கவனிச்சீங்க" என்றாள். என் பெயரில் வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை வாசிப்பதுபோல இருந்தது. "அது ஒதவி கேக்கற பலகைங்க. வர்றவங்க யாராச்சும் அதைத் தொட்டா மரம் பொழைச்சுக்கும். என் மரத்தை நானே பொழைக்க வெக்க முடியாது. இன்னொரு ஆளு வந்துதான் தொடணும். இந்த வெளையாட்டுல எல்லாருக்கும் மொதல்ல தெரியற விசயம் இதுதான்."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீங்க யாரையும் கேக்கல."

தோசை ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. அவள் பண்ணையில் எத்தனையோ மரங்கள். எல்லாம் காய்த்து நின்றன. "மத்த மரத்தையெல்லாம் யார் தொட்டது?"

"அண்ணாதான். காலைல தொழுகை முடிச்சிட்டு வந்ததும் மொதல் வேலையா என் மரத்தையெல்லாம் பாத்துட்டுத்தான் அவர் தோட்டத்துக்கே போவார்."

"அப்ப இதை மட்டும் ஏன் விட்டார்?"

அவள் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேன். நீங்க தெனமும் வந்து வந்து போறீங்களே, ஒரு நாளாச்சும் தொடுவீங்களான்னு பாக்கலாம்னு."

"பாய்க்கு இது தெரியுமா?"

"தெரியாம? பந்தயமே கட்டினோம். சார் தொட மாட்டார்னு அவர் சொன்னார்."

"நீ?"

"தொடுவீங்கன்னு சொன்னேன்." தன் தட்டில் ஒரு தோசையைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவர் ஜெயிச்சா அவர் தொணைத் தலைவர். நான் ஜெயிச்சா நீங்க. தோத்துட்டேன்."

பதவிக்கு நான் போட்டியிட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பெயரை அவளே முன்மொழிந்திருக்கிறாள். ஆதரித்து ஓட்டுப் போட வேண்டிய ஒரே ஆளான நான், காலையிலும் சாயங்காலமும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இதையெல்லாம் பக்கத்து வீட்டு மனிதர் சுவரில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் அவர் "இன்னா தங்கச்சி, இன்னிக்காச்சும்?" என்று கேட்டிருப்பார். அவள் இல்லையென்று தலையாட்டியிருப்பாள். எனக்கு நெஞ்சில் சுட்டது அவர் ஜெயித்தது அல்ல. அவள் என்னைப் பற்றி வைத்திருந்த ஓர் எதிர்பார்ப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தேன். அவள் பண்ணைக்குப் போனேன். பலகையைத் தொட்டேன். மரம் ஒரு முறை சிலிர்த்து, மேலிருந்து கீழாகப் பச்சையானது. அவள் டேப்லெட்டில் ஏதோ சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தாள்.

"இப்ப தொட்டு இன்னா பண்றது?" என்றாள். ஆனால் டேப்லெட்டைக் கீழே வைக்கவில்லை. அந்த மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று கேட்டேன். தன் முடிவை மாற்றப் போவதில்லை என்றாள். பந்தயத்தில் சொன்ன சொல்லை மாற்றினால் அண்ணா முகத்தில் விழிக்க முடியாதாம். விதியென்று ஒன்று இருந்தால் அதை மதிப்பவன் நான். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை அவளுக்கு முன்பே விழித்து, அவள் பண்ணைக்குப் போனேன். தென்பக்கம் பப்பாளி பச்சை. செடிகளெல்லாம் பச்சை. எங்கும் ஒரு பலகை இல்லை. பாய் தொழுகை முடித்து வந்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் எழுந்தேன். அதற்கும் முன்னால் வந்துவிட்டுப் போயிருந்தார். மனிதர் ராத்திரி தூங்குகிறாரா என்றே தெரியவில்லை. தன் மரத்தை யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று உலகமெல்லாம் தேடும் ஒரு விளையாட்டில், காப்பாற்ற ஒரு மரம் கிடைக்காமல் நான் அலைந்தேன். என் பண்ணையில் இரண்டு மரம் காய்ந்து பலகை ஏந்தி நின்றன. அவற்றை நான் தொட முடியாது.

மூன்றாம் நாள் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"பாய்கிட்ட ஒண்ணு சொல்லி வெக்கிறியா?"

"இன்னான்னு?"

"அந்த ஆப்பிள் மரத்தை அவர் தொட வேணாம்னு."

அவள் என்னைப் பார்த்தாள். "அது இப்பதான் பச்சையாச்சு. மறுபடி காய்க்கணும், பறிக்கணும், அப்பறம்தான் காயும். நாளாவும்."

"ஆவட்டும்."

அவள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் கதவு திறக்கும் சத்தம். சுவரோரத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"அண்ணா, அந்த ஆப்பிள் மரத்தை மட்டும் விட்டுடுங்க. அது அவருக்கு."

"அட, சார் வேலைக்குத் திரும்பிட்டாரா?" என்று பாய் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அவர் சிரித்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. காலி டம்ளரைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை போனேன். அவள் என்னைப் பற்றிப் பேசித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பேசியது அவரிடம். போனைத் திறந்து கிழக்கு மூலைக்குப் போனேன். மரம் கொழுகொழுவென்று பச்சையாகத் தழைத்து நின்றது. என் மனைவியின் மரம் சீக்கிரம் காய்ந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அதன் முன்னால் நின்றேன்.